பசி ஊதிய சீவாளி

சாத்தங்கட்டளையில் நாயனம் கேட்டால் பசிக்கும் என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், மழையில் நின்றால் நனையும் என்பதைப்போல அதை யாரும் தனியாக எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் அது எப்படித் தொடங்கியது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொன்று சொல்வார்கள், கல்யாண மண்டபத்து வேதாசலம் எல்லாம் தன் மண்டபத்து ராசி என்பார், சமையல் சாரங்கபாணி தன் கைப்பக்குவம் என்பார், குருக்கள் அம்பாள் சித்தம் என்பார். உண்மையில் அது உத்திராபதியின் முன்பற்களில் தொடங்கியது.

உத்திராபதி எங்கள் ஊர்க் கோயிலுக்கும் கல்யாணங்களுக்கும் நாயனம் வாசிப்பவர். மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றுக்கொண்ட பிறகு, மகள் தாட்சாயணி அவரை டவுனுக்கு அழைத்துப்போய்ப் பல்செட் கட்டிவைத்தாள். முகத்துக்கு அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதுவரை அவரே சீவி, நூல் கட்டி, எச்சிலில் ஊறப்போட்டுப் பழக்கி வைத்திருந்த சீவாளிகள் எல்லாம் அந்தப் புது வாயை அடையாளம் தெரியாத ஆளாக நினைத்து மறுத்துவிட்டன. சீவாளி என்பது நாயனத்தின் தலையில் செருகி உதட்டுக்கு நடுவே வைத்து ஊதுகிற, நாணல் தட்டையில் செய்த ஒரு சின்னச் சமாசாரம். நாயனம் கை நீளத்துக்கு மேல் இருந்தாலும் சத்தம் பிறப்பது அந்த விரல்நுனி அளவு இடத்தில்தான். புதிதாகச் செய்யலாம் என்றால் தட்டையை வேகவைத்து, காயவைத்து, கிடப்பில் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பழக்க வேண்டும், அது எழுந்து பேசுவதற்குள் கல்யாண மாதம் முடிந்துவிடும். அடுத்த வாரம் வேதாசலத்தின் தங்கை மகள் முகூர்த்தம்.

இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் தாட்சாயணி போனிலேயே தேடி, எங்கோ மேற்கே ஒரு கம்பெனி விற்கும் ரெடிமேட் சீவாளிப் பெட்டி ஒன்றை வரவழைத்தாள். பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை, மேலே ‘ஊதத் தயார்’ என்று தங்க எழுத்து.

தவில்காரர் கலியமூர்த்தி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னங்கண்ணே இது, சட்டை ரெடிமேடு பார்த்திருக்கேன், பேன்ட் ரெடிமேடு பார்த்திருக்கேன். சட்டை கை நீளமா இருந்தா மடிச்சு விட்டுக்கலாம். இது நீளமா இருந்தா எதை மடிப்பீங்க, உதட்டையா?”

“உன் தவில் தோலு என்ன உன் முதுகுல உரிச்சதா? வாங்கினதுதானே? பேசாம இரு,” என்றார் உத்திராபதி. எடுத்து வாயில் வைத்தார். பழக்கவே வேண்டியிருக்கவில்லை, முதல் மூச்சிலேயே பேசியது, அதுவும் நெடுநாள் பேசக் காத்திருந்ததுபோல.

முகூர்த்தத்தன்று ஊர் முழுக்கக் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, பொங்கலும் வடையும் தொண்டைவரை நிற்க, நாற்காலிகளில் சாய்ந்திருந்தது. தாலி ஏறி, கெட்டிமேளம் ஓய்ந்து, உத்திராபதி புதுச் சீவாளியில் கல்யாணி ராகத்தை எடுத்தார். அவர் மேலே ஏறி நின்ற இடத்தில் மண்டபத்துக்கே பசித்தது. அது சாப்பாட்டு நேரத்துக்கு வருகிற சாதாரணப் பசியில்லை. விடியுமுன் எழுந்து வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் ஆக்கிவைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீரோடு பஸ் ஏறிய ஆளின் பசி, தொப்புளுக்குக் கீழே குளிர்ந்து, காதில் இரைந்து, முழங்காலைத் தளர வைக்கிற பசி. புரோகிதர் மந்திரத்தை நிறுத்தாமலே கலசத்துத் தேங்காயைக் கையில் எடுத்துவிட்டார், மாப்பிள்ளைத் தோழன் சீர்த்தட்டு வாழைப்பழத்தைத் தோலோடு கடித்தான், சர்க்கரை வியாதிக்காரர்கள் கற்கண்டுக் கிண்ணத்தைச் சுற்றி நின்றார்கள், அட்சதை போட எடுத்த அரிசி பாதி வழியில் வாய்களுக்குப் போனது. கலியமூர்த்தி மட்டும் கடமை தவறாமல் ஒரு கையால் தவிலை அடித்துக்கொண்டே மறு கையால் மடியிலிருந்த லட்டைத் தின்றார். உத்திராபதிக்குப் பசிக்கவில்லை. நாயனத்தில் போகிறதெல்லாம் அடியில் விரிந்திருக்கும் அனசு வழியாக முன்னால் போவது, ஊதுகிறவன் பக்கம் திரும்பி வராது.

கூட்டம் பந்திக்கு ஓடியது. முதல் பந்தியிலேயே இரண்டு பந்திக்கான சோறு போய்விட்டது, மூன்றாவதில் சாரங்கபாணி ரவையைக் கிளறினார், நான்காவதில் வெறும் மோரும் அப்பளமும் போட்டார், அதையும் இலை பளபளக்க வழித்தார்கள்.

மறுநாள் ஊரெல்லாம் சாரங்கபாணியைப் பற்றித்தான் பேச்சு. “என்ன கை ஐயா அது!” என்றார்கள். அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அடுத்த கல்யாணத்தில் வேறு சமையல்காரர், அங்கும் அதே கதை. அப்போது அரிசி நல்ல ரகம் என்றார்கள். மூன்றாவதில் வாயுக் கோளாறு என்று டாக்டர் சொன்னார், சொன்ன டாக்டரும் மூன்று முறை சாம்பார் கேட்டார். கடைசியில் சந்தேகம் தீர்ந்தது சுவாமி புறப்பாட்டில்தான். உத்திராபதி வாசித்தபடி முன்னால் போக, பின்னால் தோளில் சுமந்து வந்த சீர்பாதக்காரர்கள் பரோட்டாக் கடை வாசலில் சுவாமியைப் பதமாக இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை, ஏனென்றால் யாரும் தெருவில் இல்லை. அம்மனுக்கும் பசித்திருக்கும் என்று குருக்கள் சொன்னதன்பேரில் நைவேத்தியம் அன்றிலிருந்து இரட்டிப்பானது, அந்த இரட்டிப்பு யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்கிற அளவுக்கு எங்கள் ஊரில் நாத்திகர் இல்லை.

நாயனம்தான் காரணம் என்று தெரிந்ததும் ஊர் பயந்துவிடும் என்று உத்திராபதி நினைத்தார், பிழைப்பு போயிற்று என்று தையல்நாயகியம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஊரைத் தெரியவில்லை. வேதாசலம் காரில் வந்து இறங்கினார், கண் கலங்கியிருந்தது.

“உத்திராபதி, எனக்குப் பசியெடுத்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? மணி பார்த்துச் சாப்பிடுறவன்யா நான். அன்னைக்கு உன் வாசிப்பைக் கேட்டுட்டு வெறும் மோரும் அப்பளமும் தின்னேன் பாரு... அழுதுட்டேன். இனிமே நம்ம மண்டபத்துல உன்னைத் தவிர யாரும் வாசிக்கக் கூடாது.”

அப்படித்தான் பசி எங்கள் ஊரில் ஒரு மரியாதையானது. அழைப்பிதழ்களில் ‘பசி நாதஸ்வரம்’ என்று தனி வரி போட்டார்கள். சாதா வாசிப்பு வைக்கிற வீடுகளைப் பார்த்து, பாவம், கஷ்டம்போல என்றார்கள். சிக்கனக்காரர்கள் சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்கள், அதிகம் சாப்பிட்டால் வைக்கிற மொய்யும் அதிகமாக வேண்டுமே என்ற கவலையில். பஞ்சு வைப்பது கல்யாண வீட்டை அவமானப்படுத்துவது என்று தீர்மானமாகி, வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்களே காதையும் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். பசியை முழுசாக அனுபவிக்க வேண்டுமென்று சிலர் முதல்நாளே பட்டினி கிடந்து வந்தார்கள், அப்படி வந்தவர்களை விவரம் தெரிந்தவர்கள் ஏளனமாகப் பார்த்தார்கள்: சொந்தப் பசியைக் கலந்தால் வாசிப்புப் பசியின் மணம் கெட்டுவிடும் என்பது அவர்கள் கட்சி. வக்கீல் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னைக்கு அடிவயித்துல லேசா ஒரு கசப்பு வருது பாருங்க, அது போன தடவை இல்லை,” என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அடிவயிற்றைத் தடவி, “ஆமாமாம்,” என்பார்கள். ஒரு வாசிப்புக்குப் பசித்து, பசித்த கையோடு இலை விரிந்து, விரிந்த கையோடு நெய் விழுகிற பசி. அப்படிப்பட்ட பசியை யார்தான் வெறுப்பார்கள்.

கீழத்தெரு பக்கம் ஒரு முறை நாயனம் போனது. அங்கே கல் உடைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்திருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “இதுவா? இது தினம் வர்றதுதானே,” என்று சொல்லிவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். கீழத்தெருவுக்கு ரசனை இல்லை என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இத்தனையிலும் உத்திராபதிக்கு வந்த லாபம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது. தாட்சாயணி பக்கத்து ஊர்க் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் இளங்கோவனை விரும்பினாள், அவனும் விரும்பினான், அவனுடைய அப்பா திருஞானம்தான் ஒரு வருஷமாகப் பிடிகொடுக்காமல் இருந்தார். லாட்ஜ் வைத்திருப்பவர், நாயனக்காரர் வீட்டில் கை நனைப்பதா என்று அவருக்கு யோசனை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காப்பி குடிக்கலாம், வெற்றிலை போடலாம், மணிக்கணக்கில் பேசலாம், சம்பந்தம் முடிவானால்தான் இலையில் உட்கார்ந்து சோற்றில் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் பிறகு யாரும் பேச்சு மாற முடியாது. நனைக்காமல் எழுந்துவிட்டால் அந்தப் பெண்ணை இன்னொரு வீட்டுக்காரன் கேட்க வருவதற்குள் ஊர் நூறு காரணம் கண்டுபிடித்துவிடும். அந்தத் திருஞானம், பசி நாதஸ்வரத்தின் பெயர் தன் லாட்ஜ் வரை எட்டியதும், ஆள் அனுப்பினார்: கை நனைக்க வருகிறோம், வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள், விருந்துக்கு முன்னால் சம்பந்தியே பசி வாசிப்பு வாசிக்க வேண்டும், எங்கள் ஜனம் அதைக் கேட்கத்தான் வருகிறது.

உத்திராபதி சந்தோஷமாகப் பெட்டியைத் திறந்தார். கடைசிச் சீவாளியும் வாய் பிளந்து கிடந்தது.

புதுப் பெட்டி வந்தது. அதே பஞ்சு, அதே தங்க எழுத்து. ஊதிப் பார்த்தார், கல்யாணி கல்யாணியாக மட்டும் வந்தது. தாட்சாயணி எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கலியமூர்த்தி வயிற்றைத் தட்டிப் பார்த்து, “ஒண்ணுமில்லையேண்ணே. சொல்லப்போனா சாப்பிட்டு முடிச்ச மாதிரி லேசா கொட்டாவி வருது,” என்றார். செய்தி ஊரில் பரவி, அன்றைக்கே வேதாசலம் வந்துவிட்டார், வக்கீல் வந்துவிட்டார், அந்த மாதம் கல்யாணம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் போட்டு நடுவில் வைத்தார்கள்.

கம்பெனி மேனேஜர் பணிவான ஆள். “சரக்குல மாத்தம் இல்லைங்க. ஒவ்வொரு சீவாளியையும் ஆள் வெச்சு ஊதிப் பார்த்துத்தான் அனுப்புறோம். எண்ணெய்ப் பசை பட்டா தட்டை கெட்டுப்போகுங்கறதால ஊதுற பொம்பளைங்க சாப்பிடாமதான் ஊதணும், வந்த வேலையை முடிச்சுட்டு அப்புறம்தான் சாப்பாடு. ஆனா அங்கங்கே புகார் வந்துச்சு. கச்சேரியில நடுவுல எல்லாரும் கேன்டீனுக்கு எழுந்து போறாங்களாம். அதனால இப்போ காலையில ஆவியில வெச்ச இட்லி கொடுத்து, வாய் கொப்புளிக்க விட்டு, அப்புறம் ஊதச் சொல்றோம். இப்போ ஒரு புகாரும் இல்லைங்க.”

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரிய ரகசியம் உடைந்ததுபோல யாரும் திடுக்கிடவில்லை. இட்லிதான் பிரச்சினை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி இருந்தது.

“அந்த இட்லியை நிறுத்துங்க,” என்றார் வேதாசலம்.

“சார்?”

“எங்க ஊர்ச் சரக்குக்கு மட்டும். பழையபடி சாப்பிடாத ஆளா வெச்சு ஊதச் சொல்லுங்க. முடிஞ்சா, முன்னே ஊதினாங்களே, அதே ஆளு.”

“பவுனம்மாதான் ஊதினாங்க. இப்போ அவங்களும் இட்லி சாப்பிடுறாங்களே.”

“வேண்டாம்னு சொல்லுங்க. பெட்டி முடியறவரைக்கும் எழுந்திருக்கவே கூடாது. சரக்கு கெட்டியா இருக்கணும்,” என்றார் வக்கீல். பிறகு நியாயத்துக்காகச் சேர்த்துக்கொண்டார்: “அந்தம்மாவுக்கு எங்க ஊர் சார்பா ஒரு சேலை அனுப்பிடலாம்.”

எல்லோரும் உத்திராபதியைப் பார்த்தார்கள், வாசிக்கப் போகிறவர் அவர் என்பதால். தாட்சாயணி அப்பாவின் காதருகில் வந்து, “பாவம்ப்பா, வேண்டாம்ப்பா,” என்றாள்.

“நமக்கு ஒரு தடவைதானேம்மா,” என்றார் உத்திராபதி, அவளைப் பார்க்காமல், பல்செட்டை நாக்கால் சரிசெய்துகொண்டு.

‘பட்டினி ஸ்பெஷல்’ என்று பச்சை மையில் முத்திரை குத்தின முதல் பெட்டி கை நனைக்கிற நாளுக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது, ஊர் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்டிருந்த மற்றப் பெட்டிகள் பின்னால் வரும் என்றார்கள். சேலை அனுப்புவதை ஊர் மறந்துவிட்டது.

வீட்டில் இடம் போதாதென்று வேதாசலம் திறந்துவிட்ட மண்டபம் வியாழக்கிழமை நிறைந்திருந்தது. திருஞானம் பட்டுத் துண்டோடு, இரண்டு வேன் நிறைய ஜனத்தோடு வந்து இறங்கினார். தாம்பூலத் தட்டைத் தொடாமல், “முதல்ல வாசிப்பு, அப்புறம் இலை, அப்புறம்தான் பேச்சு,” என்று சொல்லி முன்வரிசையில் அமர்ந்தார். உத்திராபதி நாயனத்தை எடுத்தார். பட்டினி ஸ்பெஷலில் தோடி புறப்பட்டது. அவர் இரண்டு சுரம் நகர்வதற்குள் மண்டபம் அடங்கிப்போனது. தூண்கள்கூட இளைத்ததுபோலத் தெரிந்தன என்று பிற்பாடு சொன்னார்கள். வக்கீல் கண்ணை மூடினவர் திறக்கவேயில்லை. திருஞானம் பட்டுத் துண்டை வயிற்றில் அழுத்திக்கொண்டு, “பேஷ், பேஷ்,” என்றார், அப்புறம் அதைச் சொல்லவும் தெம்பில்லாமல், இலை, இலை என்று கையைக் காட்டினார்.

இலைகள் விரிந்தன. பால்பாயசத்தில் தொடங்கிப் பச்சடி, வறுவல், கூட்டு, வடை என்று சாரங்கபாணி அன்று ஒன்றையும் விடவில்லை, சோறு ஆவி பறக்க நடுவில் விழுந்தது, நெய் விழுந்தது. ஒருவர் கையும் இலைக்கு வரவில்லை.

யாரும் வேண்டாமென்று இருக்கவில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது, கண் சோற்றை விட்டு நகரவில்லை, கை மட்டும் மடியில் கிடக்கிறது. கையால் விசிறிக்கொள்ள முடிந்தது, வேர்வையைத் துடைக்க முடிந்தது; இலைப்பக்கம் கொண்டுபோனால் மட்டும், இன்னும் சொல்லலையே, இன்னும் முடியலையே என்று ஏதோ ஒன்று அதைத் திரும்ப மடியில் வைத்தது. யார் சொல்ல வேண்டும், எது முடிய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த முறை பசி மட்டும் வரவில்லை, பசியோடு, அன்றைக்கு ஊர் போனில் போட்ட சட்டமும் சேர்ந்து வந்திருந்தது.

உத்திராபதி நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். ஊதினவர் என்பதால் அவர் கைக்கு மட்டும் தடையில்லை. ஒரு பிடி பிசைந்து திருஞானத்தின் வாயருகில் கொண்டுபோனார், வாய் திறக்கவில்லை, உதடு துடித்ததே தவிர. கலியமூர்த்திக்கு ஊட்டப் பார்த்தார், அவர் கண்ணீர் விட்டார். அந்தக் களேபரத்தில் உத்திராபதி மட்டும் ஓர் அப்பளத்தை நொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார் என்று சாரங்கபாணி சொல்வார், அதை உத்திராபதி மறுக்கிறார்.

“என்ன விளையாட்டு இது?” என்றார் திருஞானம், இலையைப் பார்த்தபடியே. “மணி ஒண்ணைத் தாண்டியாச்சு. ராகுகாலம் பொறந்துட்டா எந்திரிச்சுப் போயிடுவேன். சோத்தைப் போட்டுச் சாப்பிட விடாத வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

இளங்கோவன், “அப்பா,” என்றான். “நீ சும்மா இருடா,” என்றார் அவர்.

தாட்சாயணிதான் போனை எடுத்தாள். பெண்ணுக்கும் பசி அதே பசிதான், போனைத் தொடுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. கம்பெனிக்கு அடித்து, சத்தத்தைக் கூட்டி, இலை வரிசைக்கு நடுவில் வைத்தாள்.

“உங்க ஆர்டர்தான் மேடம் ஓடிக்கிட்டிருக்கு,” என்றார் மேனேஜர் உற்சாகமாக. “ஒரு வருஷத்துக்குத் தேவையான பெட்டி கேட்டிருந்தீங்களே. இட்லியை நிறுத்தியாச்சு. காலையிலேர்ந்து பவுனம்மா எழுந்திருக்கலை. இன்னும் பாதி இருக்கு.”

“அவங்களைச் சாப்பிடச் சொல்லுங்க!” என்றாள் தாட்சாயணி.

“சாப்பிட்டா மீதிப் பெட்டி சாதாவாகிடுமே. வேதாசலம் சாருகிட்ட ஒரு வார்த்தை...”

வேதாசலம் மூன்றாவது இலையில் இருந்தார். வேர்த்துக் கொட்டி, பாயசத்தையே பார்த்தபடி, மண்டபம் அதிரக் கத்தினார்: “சாப்பிடச் சொல்லுய்யா! உடனே சாப்பிடச் சொல்லு!” வரிசை வரிசையாக எல்லோரும் கத்தினார்கள், சாப்பிடச் சொல்லு, சாப்பிடச் சொல்லு என்று, அவ்வளவு மனசோடு எங்கள் ஊர் இதற்கு முன் யாரையும் சாப்பிடச் சொன்னதில்லை.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. “யாருங்க?” என்றது ஒரு பெண்குரல், வறண்ட தொண்டை.

“அம்மா, நான் சாத்தங்கட்டளை உத்திராபதி, நாயனக்காரன்.”

“ஓ. இட்லி வேண்டாம்னு சொன்ன ஊரா?”

உத்திராபதி, “ஆமாம்மா,” என்றார். “தப்புதான். எம்பொண்ணுக்கு இன்னைக்குக் கை நனைக்கிற விருந்து. நீங்க சாப்பிட்டாதான் இங்க இவங்க சாப்பிட முடியும். ஒண்ணரைக்குள்ள நடக்கலைன்னா சம்பந்தம் போயிடும்மா.”

“அப்படியா சேதி. இருங்க, நான் இப்பத்தான் எழுந்திருக்கேன், காலு மரத்துப்போச்சு.” பலகை நகர்ந்தது. “இலையில என்னென்ன போட்டிருக்கீங்க?”

“அம்மா, நேரம்...”

“கேட்டா சொல்லுங்களேன். கல்யாண இலை பார்த்து நாளாச்சு.”

வேதாசலம்தான் சொன்னார், அவருக்கு எதிரில்தான் எல்லாம் தெளிவாக இருந்தது. பாயசம் என்றார், மாங்காய்ப் பச்சடி என்றார், வாழைக்காய் வறுவல், பீன்ஸ் உசிலி, வடை, சோறு, பருப்பு, நெய் என்றார். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் மண்டபம் எச்சில் விழுங்கியது.

“வடை உளுந்தா, பருப்பா?”

“பருப்பும்மா.”

“மொறுமொறுன்னு இருக்கா?”

“இருந்துச்சும்மா. இப்ப ஆறிப்போச்சு.” வேதாசலத்தின் குரல் உடைந்தது.

“எங்கிட்ட பழையசோறும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கு,” என்றாள் பவுனம்மாள். “கை கழுவிட்டு வரேன்.”

குழாயடி தூரம்போல. அவள் நடந்து போவது கேட்டது, வழியில் யாரோ எதையோ கேட்க அவள் நின்று பதில் சொல்வது கேட்டது, தண்ணீர் விழுவது கேட்டது, அது நிற்காமல் விழுந்துகொண்டேயிருந்தது. விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுகிறவள் என்று தெரிந்தது. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் இலைக்கு முன்னால் மடியில் கை வைத்து, முகம் தெரியாத ஒருத்தி கை கழுவுவதை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திருஞானம் கடிகாரத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எழுந்துபோவதாகச் சொன்னவர். எழுந்திருக்க அவரால் முடியும், கால் ஒன்றும் கட்டுப்படவில்லை. ஆனால் அந்தச் சோற்றை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

திரும்பி வருகிற காலடி. தூக்குப்பாத்திரத்து மூடி இறுகிக்கொண்டிருந்தது, அதோடு கொஞ்சம் போராடினாள். திறந்தது. பிசைகிற சத்தம். பிறகு ஒரு நிசப்தம், அவள் முதல் வாயை எடுத்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கணத்தில் மண்டபத்தில் அத்தனை கைகளும் ஒன்றாகச் சோற்றில் இறங்கின. திருஞானத்தின் கைதான் முதலில் நனைந்தது என்றும், அப்போது ராகுகாலத்துக்கு நேரம் இருந்தது என்றும் குருக்கள் சாட்சி சொன்னார். தாட்சாயணி போன் பக்கமாகக் குனிந்து, “மெதுவா சாப்பிடுங்கம்மா,” என்றாள். பிறகுதான் தன் இலையைத் தொட்டாள்.

பாயசத்தில் கை வைத்தவர்களுக்குப் பழையசோறு ருசித்தது. வடையைக் கடித்தவர்களுக்கும், உசிலியை எடுத்தவர்களுக்கும் பழையசோறுதான், கூடவே எலுமிச்சை ஊறுகாய். சாரங்கபாணி வரிசை வரிசையாக வந்து எப்படி இருக்கு என்று கேட்டார், ஒருவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவள் மெல்லும்போது மென்று, அவள் நிறுத்தும்போது நிறுத்தி, அவள் தண்ணீர் குடிக்கும்போது அண்ணாந்து காத்திருந்து, ஊர் முழுவதும் சாப்பிட்டது. உத்திராபதி ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே வந்து திருஞானத்தின் எதிரில் கைகட்டி நின்றார்.

திருஞானம் விரல்களை நக்கி முடித்தார். நிறைவாக ஓர் ஏப்பம் விட்டார். “எல்லாம் திருப்தி சம்பந்தி,” என்றார். சம்பந்தி என்ற சொல் விழுந்ததும் உத்திராபதிக்குக் கால் தரையில் பாவியது. திருஞானம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டார் என்றால் ஒரு குறை சொல்லியாக வேண்டுமே என்று, குரலை உயர்த்திச் சேர்த்துக்கொண்டார்: “ஊறுகாய்க்கு மட்டும் உப்பு ஒரு கல்லு பத்தாது.”

போன் நடுவில் அப்படியே இருந்தது.

“எங்க வீட்டு ஊறுகாயில உப்பு பத்தாதுன்னு சொன்னது யாருங்க?” என்றது அது.

திருஞானம் பட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.